ஆறப் பொறுத்தல்

விருத்தாசலத்திற்கு வருகின்றவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக வருகின்றார்கள். ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயில். மற்றொன்று, சென்னைக்கும் திருச்சிக்கும் சேலத்திற்கும் கடலூருக்கும் வழி பிரிகின்ற இரயில் சந்திப்பு. ஊரின் பிழைப்பை அறிந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லுவார்கள். அது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக அகற்றப்படும் மண்ணோடு வெண்களிமண்ணும் வெளிவருகின்றது. அந்தக் களிமண்ணை நம்பியே இங்கே ஒரு தொழிற்பேட்டையும், தொழில் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் எழுந்தன. மின்கம்பத்து இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர், தேநீர்க் கோப்பை, பொம்மை, அகல் விளக்கு என்று எத்தனையோ பொருள்கள் இங்கிருந்து ஊர் ஊராகச் செல்கின்றன.

அத்தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் சூளையருகே நின்று உழைத்தவன் நான். சூளையைப் பற்றி அறியாதவர்கள், நெருப்பு மூட்டுவதுதான் கடினமான வேலை என்று எண்ணுவார்கள். அது பாதி உண்மை. 1,200 பாகைக்கு மேல் வெப்பத்தை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால், அதை இறக்குவதற்கு அதனினும் மிகுந்த பொறுமை வேண்டும். பீங்கான் கலவையிலே குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லின் தூள் இருக்கின்றது. சூளை ஆறிக்கொண்டே வந்து 573 பாகையைக் கடக்கும்போது, அந்தக் கல் திடீரென்று சுருங்குகின்றது. அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டால், ‘டிங்’ என்று மெல்லிய ஓர் ஒலி கேட்கும். ஒரு பாத்திரம் போயிற்று என்று பொருள். சில வேளைகளில் ஒலியும் கேட்காது. பாத்திரம் முழுமையாகவே வெளியே வரும். சில நாள்கள் கழித்து, வாங்கியவரின் வீட்டில் வெடிக்கும்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். சோற்றுக்குச் சொன்ன சொல் சூளைக்கும் பொருந்தும் என்பதை இளம் பணியாளர்களுக்கு நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கின்றேன். அந்தச் சொல் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் மிகக் காலந்தாழ்த்தியே கற்றேன். அதற்கு விலை கொடுத்தவன் நானல்லன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் மாவட்டத்திலுள்ள யத்தீம்கானா ஒன்றின் நிர்வாகக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பெயரையோ, பிள்ளையின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்று சட்டம் சொல்கின்றது. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுவே முறை. யத்தீம் என்ற சொல்லின் பொருளை நம்மவர் அனைவரும் அறிவர். அத்தாவை இழந்த பிள்ளை யத்தீம். ஆனால், அச்சொல்லுக்குள்ளேயே இருக்கும் மற்றோர் உண்மையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தாவை இழந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மா இருக்கின்றாள். எங்கள் இல்லத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தாய் உயிரோடிருந்தாள். அவள் அவர்களை விட்டது வெறுப்பினால் அல்ல. உலை வைக்க அரிசி இல்லாமையினால்.

இச்சிறுவனின் தாயும் அவ்வாறே. கணவனை இழந்தபோது அவளுக்குக் கையில் ஒரு பெண் குழந்தை, இடுப்புயரத்தில் இவன். தொழிற்பேட்டையில் ஒரு சிறு பொம்மைப் பட்டறையில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பைச் சீவி, ஈரப் பஞ்சினால் துடைத்து, காயவைத்துத் தரவேண்டும். 2015-ஆம் ஆண்டில், நான்கு வயதில், இவனை எங்களிடம் கொண்டு வந்து விட்டாள். தாயின் கையொப்பம் ஒன்றே போதும் என்று அந்நாளில் நாங்கள் எண்ணியிருந்தோம். அவளுக்கு என்ன இருந்தால் இவனைப் பிரியாமல் இருப்பாள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவுக்கான ஊரடங்கு வந்தது. பிள்ளைகளை ஓரிடத்தில் நெருக்கமாக வைத்திருப்பது ஆபத்து என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. எங்கள் இல்லமும் இரண்டே நாள்களில் காலியாயிற்று. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கின்படி, நாட்டிலுள்ள இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் அந்தக் காலத்தில் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெருந்தொகையில் ஒருவனை நானே என் கையால் கொண்டு போய் விட்டேன்.

அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கின்றது. ஒற்றை அறை வீடு. பட்டறை மூடிக் கிடந்ததால் தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மகனைக் கண்டதும் ஓடி வந்து அணைத்துக்கொண்டாள். அவன் அணைக்கப்பட்டான், அணைக்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், உன் பிள்ளையை உன்னிடம் சேர்த்துவிட்டோம் தாயே” என்று சொல்லி, ஒரு மூட்டை அரிசியையும் இறக்கி வைத்துவிட்டு, கடமை முடிந்த நிறைவோடு திரும்பினேன். பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்த புண்ணியவானாகவே என்னை எண்ணிக்கொண்டேன்.

பிறகு நடந்தவற்றைத் தாயின் வாயாலேயே கேட்டறிந்தேன். முதல் நாள் தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, “மணி அடிக்கவில்லையே” என்றான். ஐந்தாண்டுகளாக மணியோசைக்கு உண்டு, மணியோசைக்கு உறங்கியவன் அவன். தன் துணிமூட்டையை அவிழ்க்காமல் தலைக்கு வைத்துப் படுத்தான். ரொட்டித் துண்டுகளைச் சட்டைப்பையில் ஒளித்து வைத்தான். தங்கையோடு பேசத் தெரியவில்லை. ஆனால், சொன்ன சொல்லைத் தட்டவில்லை, எதையும் கேட்கவில்லை, அழவுமில்லை. “எவ்வளவு அடக்கமான பிள்ளை!” என்று அக்கம்பக்கத்தவர் புகழ்ந்தார்களாம். தாய் மட்டும் இரவில் அழுதிருக்கின்றாள். தன் பிள்ளை தன்னிடம் விருந்தாளியைப் போல நடந்துகொள்வதைக் காட்டிலும் பெரிய துயரம் ஒரு தாய்க்கு என்ன இருக்க முடியும்?

நான்காவது மாதத்தில் ஒருநாள் விடியலில் அவனைக் காணவில்லை. அரிசி தீர்ந்து, கடன் கேட்டு, யாரோ வாசலில் நின்று கத்திய இரவுக்கு மறுநாள் அது. தன்னால்தான் வீட்டில் சோறு போதவில்லை என்று அவன் முடிவு செய்திருக்கின்றான். இரயில்கள் பெரும்பாலும் ஓடாத காலம். கடலூர் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாக, நெய்வேலியை நோக்கி, துணிமூட்டையைச் சுமந்துகொண்டு அவன் நடந்திருக்கின்றான். பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர் ஒருவர் கண்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, 1098 என்ற எண்ணுக்குச் சொல்லியிருக்கின்றார். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் இல்லம் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னானாம்.

சட்டப்படி 24 மணி நேரத்திற்குள் அவன் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு வரப்பட்டான். என்னையும் அழைத்தார்கள். அங்கிருந்த பெண் உறுப்பினர் ஒருவர் குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார். “ஐயா, இவனை வீட்டில் விட்ட பிறகு நீங்கள் எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள்?” ஊரடங்கைக் காரணம் காட்டியிருக்கலாம். ஆனால், என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் இடையே நடந்து போகும் தூரந்தான். நான் தலைகுனிந்தேன். 573 பாகையில் கதவைத் திறந்தவன் நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நாள் முதல் இதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இல்லத்தின் தலையாய நோக்கமே குழந்தையைத் திரும்பச் சேர்ப்பதும் பாதுகாப்பதும் என்று அது கூறுகின்றது. சேர்ப்பது, பாதுகாப்பது என்ற இரண்டு சொற்களையும் அது பிரிக்கவில்லை. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மாவட்டந்தோறும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட நலக் குழு உண்டு. குழந்தையின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தரவேண்டும். குழந்தைக்கென்று தனித் திட்டம் வகுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய பின்னும் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். தமிழகத்து இல்லங்களில் குழந்தைகள் பட்ட துன்பத்தைப் பற்றி 2007-இல் தொடங்கிய வழக்கொன்றில், 2017 மே மாதம் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகள் தங்கும் எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. இவையெல்லாம் நாங்கள் நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே இருந்தவை. நல்ல நோக்கம் இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

திருப்பி ஒப்படைப்பதில் முதற்கேள்வி, யாரிடம் என்பது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடலூர்க் கரையைத் தாக்கிய அன்றே இலங்கையின் கிழக்குக் கரையையும் தாக்கிற்று. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கல்முனையில், மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டது. பெயர் தெரியாத அந்தக் குழந்தையை எண்ணைக் கொண்டே ‘81-ஆம் குழந்தை’ என்று உலகம் அழைத்தது. தங்கள் பிள்ளை என்று பெற்றோர் கதறினார்கள். ஆனால், நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, அதன் முடிவு தெரிந்த பின்னரே, 2005 பிப்ரவரியில் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தது. பெற்ற வயிற்றுக்கு அந்த வாரங்கள் யுகங்களாக இருந்திருக்கும். ஆயினும், அந்தத் தாமதமும் குழந்தைக்குச் செய்த காவலே.

நம் திருமறையிலும் தாயிடம் திரும்பிய பிள்ளையின் வரலாறு இருக்கின்றது. நபி மூஸா (அலை) அவர்களின் அன்னை, பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார். அல்கஸஸ் அத்தியாயத்தில் வரும் அந்தச் செய்தியைச் சிறு வயது முதல் கேட்டிருக்கின்றேன். முதிய வயதில்தான் அதன் நுட்பம் விளங்கிற்று. இறைவன் நாடியிருந்தால் ஒரு நொடியில் பிள்ளையை மடியில் சேர்த்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தமக்கையைத் தொலைவிலிருந்து பார்த்து வரச் செய்தான். பிள்ளை வேறு செவிலியரின் பாலை ஏற்காமல் இருக்கச் செய்தான். பிறகு, அந்தக் குடும்பத்தைப் பற்றித் தமக்கையின் வாயால் சொல்லச் செய்தான். அதன் பின்னரே தாயின் கண் குளிர்ந்தது. பாலூட்டியதற்கு அரண்மனையிலிருந்து அன்னைக்கு ஊதியமும் வந்தது என்று விரிவுரையாளர்கள் கூறுவர். கண்காணிக்க ஒருவர், பிள்ளையின் விருப்பம், குடும்பத்தைப் பற்றிய சான்று, தாயின் கையில் வருவாய் ஆகிய நான்கும் அங்கே இருந்தன. நான் செய்த ஒப்படைப்பில் நான்கில் ஒன்றுகூட இல்லை.

எல்லாப் பிள்ளைகளையும் பெற்ற வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வளர்ந்த ஸைத் (ரலி) அவர்களைத் தேடி, அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் மக்காவுக்கு வந்தார்கள். அண்ணலார் பணம் எதுவும் கேட்கவில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் அண்ணலாருடனேயே இருக்க விரும்பினார். தந்தையும் மனம் அமைதியுற்றுத் திரும்பினார். பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதனினும் மேலான சான்று நமக்குத் தேவையா?

எங்கள் இல்லத்தில் ஒரு சிறுமி இருந்தாள். அவள் வீட்டுக்கு மூன்று முறை போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் சிற்றப்பனின் நாவில் தேனாய்ப் பேச்சு. வாசலை நெருங்கும்போதெல்லாம் அச்சிறுமியின் கை என் சட்டையை இறுகப் பற்றியது. அந்தக் கை சொன்னதையே நலக் குழுவிடம் நாங்கள் சொன்னோம். முறையாக விசாரித்து, அவளை அவளுடைய நன்னியிடம் ஒப்படைத்தார்கள். திரும்புவதற்குக் குடும்பம் வேண்டும். ஆனால் அச்சம் குடியிருக்கும் வீடு குடும்பமாகாது.

இனி அச்சிறுவனுக்கு வருகின்றேன். குழுவின் உத்தரவுப்படி அவன் ஓர் இல்லத்தில் தங்க, இரண்டாம் முறை திரும்புதல் தொடங்கிற்று. இம்முறை சூளையை ஆறவிட்டோம். முதலில் வாரம் ஒருமுறை தொலைபேசி. பிறகு, இயன்ற ஞாயிறுகளில் தாய் வந்து ஒரு மணி நேரம் அவனோடிருந்தாள். அந்த நேரங்களில் அவள் பட்டறைக் களிமண்ணைச் சிறிது கொண்டு வருவாள். இருவரும் பேசாமல் பொம்மை பிடிப்பார்கள். பேசத் தெரியாதவர்களுக்குக் கை வேலை பெரிய உதவி. 2021 ஜூலையில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் வீட்டுக்குப் போனான். நான்காம் நாள் திரும்பி வந்தபோது, மூட்டையில் தங்கை கொடுத்த உடைந்த வளையல் துண்டுகள் இருந்தன. அடுத்து ஒரு வாரம். அதன் பின் விடுமுறை முழுதும். 2022 ஜூனில் பள்ளி திறந்தபோது, விருத்தாசலத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அதற்கு முன்பே ஆசிரியரைக் கண்டு பேசிவிட்டோம். முதல் மூன்று மாதம் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் நான் போய் வந்தேன்.

இவையனைத்தையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இல்லத்தில் அவனுக்காக மாதந்தோறும் ஆகும் செலவை, தாயின் கையில் கொடுப்பது என்று நிர்வாகக் குழுவில் வாதாடி முடிவு செய்தோம். எளிதாக முடியவில்லை. “கட்டடத்திற்குக் கொடுத்த பணத்தை வீட்டுக்குக் கொடுப்பதா?” என்று கேட்டார்கள். அப்போது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றை நினைவூட்டினேன். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உதவித்தொகை என்பது அந்நாளைய விதி. ஓரிரவு மதீனாவின் ஓரத்தில் தங்கியிருந்த பயணிகளிடையே ஒரு குழந்தை இடைவிடாமல் அழுதது. விசாரித்தபோது, உதவித்தொகைக்காகத் தாய் அதற்குக் காலத்திற்கு முன்பே பாலை நிறுத்துவது தெரிந்தது. தம் விதியே அந்தக் கொடுமைக்குக் காரணம் என்று கலீஃபா அழுதார். பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று விதியை மாற்றினார். தாயை விட்டுப் பிரிந்து வந்த பிள்ளைக்கே சோறு என்று நாமும் ஒரு விதி வைத்திருக்கின்றோமே, அது மட்டும் வேறா என்று கேட்டேன். அவை அடங்கிற்று.

அரசும் இந்த வழியை ஏற்றிருக்கின்றது. ஊரடங்கில் வீடு திரும்பிய குழந்தைகளின் கல்விக்காக, தேவையறிந்து மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கின்றார்கள். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பங்களுக்கு இது உரியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். கணவனை இழந்த எத்தனையோ தாய்மார்களுக்கு இச்செய்தி எட்டுவதே இல்லை. ஜுமுஆ மேடைகளில் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அண்மையில் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே உள்ளிருந்து சத்தம் கேட்டது. “எத்தனை முறை சொல்வது, எனக்குக் கத்திரிக்காய் வேண்டாமென்று!” அவன்தான். தாயும் விட்டுக்கொடுக்காமல் ஏதோ பதில் சொன்னாள். தட்டு தரையில் நங்கென்று விழுந்தது. சற்று நேரத்தில் அதே தட்டில் அதே குழம்பை ஊற்றி அவன் தின்பதையும் கண்டேன். மணிக்காக அவன் காத்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் அவன் முகம் மாறிற்று. எழுந்து போய்த் தாயின் பின்னால் நின்றுகொண்டு, “நன்னா, என்னைக் கூட்டிப் போகவா வந்தீர்கள்?” என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பாதவனாக, தாயின் முந்தானையைப் பிடித்த கையை அவன் எடுக்கவே இல்லை.

“வரவர அடங்கவே மாட்டேன் என்கிறான், அண்ணே” என்று தாய் குறைப்பட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் எழுத்தில் தர இயலாது.

திரும்பி வரும் வழியில் தொழிற்பேட்டையைக் கடந்தேன். ஒரு பட்டறையில் சூளை அணைந்து, கதவு மூடிக் கிடந்தது. இளைஞன் ஒருவன் திறப்பதற்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தான். “நாளைக் காலை வரை பொறு, தம்பி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். யத்தீம்கானாக்களுக்கு வாரி வழங்கும் நம் சமுதாயத்துப் பெரியவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை நன்கொடைச் சீட்டில் கையொப்பமிடும்போது, அங்குள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் இருக்கின்றாளா, அவள் எங்கே இருக்கின்றாள், அவள் அடுப்பு எரிகின்றதா என்று கேளுங்கள். விடை கிடைத்தால், உங்கள் தர்மம் முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.